பீன்யாவுக்கும் டிவிப் பெட்டிக்கும் நடுவே

பெங்களூரு மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஸ்ரீராம்புரத்தில் ஏறி உட்கார்ந்தால் ஏழாவது நிறுத்தம் பீன்யா. 1970களில் அங்கே இருந்த தொழிற்பேட்டைக் கொட்டகைகளில்தான் யு.ஆர்.ராவ் தலைமையில் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா உருவானது. 2023-ல் சந்திரயான்-3 நிலவில் இறங்கத் தொடங்கலாம் என்ற ஆணை புறப்பட்டதும் பீன்யாவில் உள்ள இஸ்ரோவின் இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்துதான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், விண்வெளி என்பது ஸ்ரீராம்புரத்துக்காரர்களுக்குக் காத்திருந்து டிவியில் பார்க்கும் சங்கதியாகவே இருந்திருக்கிறது. நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துவிட்டு, பெட்டி முன் உட்காரும் அந்தப் பழக்கத்துக்கு இந்த நகரத்தில் ஒரு தனி வரலாறு உண்டு.

ஸ்ரீராம்புரம் தமிழ் பேசும் உழைப்பாளிகள் நிறைந்த பகுதி. பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று சுற்றுவட்டாரத்தில் ஓடிய ஆலைகள் தமிழ்த் தொழிலாளர்களை இந்தப் பக்கம் இழுத்தன. ஆலைகள் போய்விட்டன, ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி மால் நிற்கிறது. மக்கள் இருக்கிறார்கள்.

அவர்களைப் போன்ற தமிழ் ரசிகர்களுக்கு விண்வெளியை முதலில் காட்டியது டிவி அல்ல, எம்.ஜி.ஆர்! 1963-ல் வந்த 'கலை அரசி' படத்தில் இசை தெரியாத வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பறக்கும் தட்டில் வந்து பாட்டுக்காரி பானுமதியைத் தூக்கிப் போகிறார்கள், எம்.ஜி.ஆர் அங்கே போய் மீட்கிறார். ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. அதில் இருந்த அறிவியல் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது வீண். எடை இல்லாமல் மனிதன் மிதப்பான் என்பதை டென்ட் கொட்டகைத் தரையில் உட்கார்ந்திருந்தவருக்கும் அது தமிழில் சொன்னது. 

1969 ஜூலை 21, திங்கட்கிழமை. இந்திய நேரப்படி பின்னிரவு 1.47-க்கு ஈகிள் கலம் நிலவில் இறங்கியது; காலை 8.26-க்கு ஆர்ம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து காலை எடுத்து வைத்தார். உலகின் பல நாடுகள் அதை வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தன. இந்தியாவில் டிவி இருந்த ஒரே ஊர் டெல்லி. அங்கேயும் நேரலை கிடையாது. வெளிநாட்டுக் காட்சியை வாங்க வேண்டிய தரை நிலையம் புனே அருகே ஆர்வியில் 1971-ல்தான் வந்தது. ஆகவே பெங்களூரு கேட்டது வானொலியில். பார்த்தது செய்தித்தாள் படங்களிலும், பெரிய படம் தொடங்குமுன் தியேட்டர்கள் கட்டாயம் ஓட்டியாக வேண்டிய செய்திப் படங்களிலும். நிலவுக்குப் போனவர்கள் திரும்பி வந்து சேர்ந்த பிறகுதான் இங்கே அவர்கள் அசைந்தார்கள், நடந்தார்கள்.

அடுத்து நடந்தது ஒரு வேடிக்கை. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக்கு நாசா தன் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இந்தியாவுக்குக் கடன் கொடுத்தது. 'சைட்' என்ற அந்தத் திட்டத்தில் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி போனது. கர்நாடகத்தின் வட மாவட்டக் கிராமங்களும் அதில் அடக்கம். அங்கே பஞ்சாயத்துப் பெட்டியைச் சுற்றி ஊரே கூடியபோது பெங்களூரு நகரத்தில் டிவி நிலையமே இல்லை. அதே ஆண்டு ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் ஏறி ஆரியபட்டா வானத்துக்குப் போயிருந்தது. செயற்கைக்கோள் செய்த ஊருக்கு அதன் படத்தைக் காட்டியது டிவி அல்ல, பின்னாளில் வந்த இரண்டு ரூபாய் நோட்டு. ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம் கறுப்பு வெள்ளை டிவிக்கான பிக்சர் ட்யூப்களைச் செய்துகொண்டிருந்ததையும் சேர்த்துக்கொண்டால், பெங்களூரு நிலைமை சமையல்காரன் வீட்டு எரியாத அடுப்பு போலத்தான்.

பெங்களூருவில் தூர்தர்ஷன் 1981 நவம்பர் 1 அன்று தொடங்கியது. பெட்டி எல்லார் வீட்டிலும் வந்துவிடவில்லை. எந்த நகரத்துத் தெருவையும் போல, மொட்டை மாடியில் ஆன்டெனா நின்ற வீட்டில்தான் மற்றவர்கள் கூடினார்கள். படம் ஆடினால் ஒருவர் மாடியில் கம்பியைத் திருப்ப, இன்னொருவர் சன்னலில் நின்று கத்த, உள்ளேயிருந்து தீர்ப்பு வரும். சென்னைத் தூர்தர்ஷன் தமிழில் பேசியது. இங்கே பெட்டி பேசியது கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும்.

நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்க்க வைத்த இன்சாட்-1பி செயற்கைக்கோளை மேலே கொண்டுபோய் விட்டவர்களே விண்வெளி வீரர்கள்தான். 1983 ஆகஸ்ட் 30 அன்று புளோரிடாவிலிருந்து இரவில் கிளம்பிய சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் சரக்கு அறையில் அது இருந்தது. மறுநாள் அதை வெளியே சுழற்றி அனுப்பும் வேலையைச் செய்தவர்களில் ஒருவர் கையன் புளூஃபோர்டு, விண்வெளிக்குப் போன முதல் கறுப்பின அமெரிக்கர். போன செயற்கைக்கோள் உடனே ஒழுங்காக வேலை செய்யவும் இல்லை. சூரியத் தகடுகள் விரியாமல் அடம்பிடித்தன. ஹாசன் கட்டுப்பாட்டு நிலையத்தார் செப்டம்பர் நடுவரை மல்லுக்கட்டித்தான் அதை வழிக்குக் கொண்டுவந்தார்கள். முந்தைய இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்திருந்ததால் இதுவும் போயிருந்தால் டிவி விரிவாக்கம் வெகுவாகத் தள்ளிப்போயிருக்கும். 1984-ல் நாளுக்கொன்று என்ற வேகத்தில் ஒளிபரப்பு நிலையங்கள் முளைத்தது இன்சாட்-1பி-யை நம்பித்தான்.

அந்த ஆண்டு ஏப்ரல் 3 மாலை இந்தியாவின் முதல் விண்வெளி வீரர் ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11 கலத்தில் கிளம்பினார். கூடப் போனவர்கள் யூரி மலிஷெவ், கென்னடி ஸ்ட்ரெகாலொவ். சல்யூட்-7 நிலையத்திலிருந்து அவர் இந்திரா காந்தியோடு பேசியதைப் பார்த்தவர்கள் மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்ற கேள்வியையும், 'சாரே ஜஹான் சே அச்சா' என்று இக்பால் பாட்டின் முதல் அடியாக வந்த பதிலையும் இன்றும் ஒப்பிப்பார்கள். அதை ஒப்பிக்கும் பெங்களூருக்காரர் பலருக்கும் தெரியாதது, அந்தப் பயணத்தில் தங்கள் ஊருக்கு இருந்த பங்கு. வீரர்களைத் தேர்ந்தெடுப்பதற்கான உடற்பரிசோதனைகள் இங்குள்ள விமானப்படை மருத்துவ நிறுவனத்தில் நடந்தன. அடைபட்ட இடத்தில் இருக்கப் பயம் உண்டா என்று பார்க்க, சன்னல் இல்லாத அறையில் சர்மாவை 72 மணி நேரம் பூட்டி வைத்ததும் பெங்களூருவில்தான். அவர் மேலே கொண்டுபோன மாம்பழக் கட்டி, ரவை அல்வா, புலாவ் ஆகியவற்றை மைசூருவின் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் செய்து கொடுத்தது.

அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றுத் தரையிலேயே நின்றுவிட்ட ரவீஷ் மல்ஹோத்ரா, விமானப்படைப் பணிக்குப் பின் வேலை பார்த்தது பீன்யாவில் உள்ள டைனமாட்டிக் நிறுவனத்தில். சர்மாவும் எச்ஏஎல்லின் தலைமைச் சோதனை விமானியாகப் பல ஆண்டுகள் இதே ஊரில் இருந்தார். ஓய்வுக்குப் பின் போனது நம் குன்னூருக்கு. டிவியில் பார்த்த மனிதர்கள் நகரத்தில் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சர்மா ஒருமுறை வந்துபோனார். அதன் பிறகு பசியைத் தீர்த்தவை தொடர்கள். எண்பதுகளின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷன் 'ஸ்டார் ட்ரெக்' காட்டியது. கார்ல் சேகனின் 'காஸ்மோஸ்' காட்டியது. இந்தியில் 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா' வந்தது, தொண்ணூறுகளின் கடைசியில் மிலிந்த் சோமன் நடித்த 'கேப்டன் வ்யோம்' வந்தது. அட்டையும் வெள்ளித்தாளும் கண்ணுக்குத் தெரிந்த கலங்கள்தாம். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. மொழியையும் பொருட்படுத்தவில்லை, 'ஸ்டார் ட்ரெக்' ஸ்பாக்கின் காதைப் பார்க்க ஆங்கிலம் எதற்கு? ஆனால் சேகன் பேசியது அப்படியல்ல. 'காஸ்மோஸ்' முழுக்க முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு புரிந்த வீடுகள் ஒன்று, படத்தை மட்டும் பார்த்த வீடுகள் இன்னொன்று.

நடுவில் ஓர் இடி. இன்சாட்-1சி-யையும் அமெரிக்க ஓடத்திலேயே அனுப்புவது, கூடவே இஸ்ரோ பொறியாளர் ஒருவரும் போவது என்று ஏற்பாடாகியிருந்தது. கேரளத்தின் பி.ராதாகிருஷ்ணன் நாயரும் கர்நாடகத்தின் என்.சி.பட்டும் 1985-ல் தேர்வானார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் கிளம்பிய 73 நொடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். நம் டிவிக்கு உயிர் கொடுத்த இன்சாட்-1பி-யைச் சுமந்துபோன அதே ஓடம். ஓடங்கள் நின்றன, இந்தியரின் பயணமும் நின்றது. அந்த வெண்புகைக் கிளைகள் அப்போது செய்தியில் வந்து போயின. திரும்பத் திரும்ப ஓட்ட அன்று 24 மணி நேரச் சேனல் இல்லை.

பதினேழு ஆண்டுகள் கழித்து இருந்தது. 2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை இரவு ஏழரை மணியை ஒட்டிக் கொலம்பியா ஓடம் டெக்சாஸ் வானத்தில் உடைந்தபோது கல்பனா சாவ்லா அதில் இருந்தார். கேபிள் வந்து, சன் டிவி வந்து, ஸ்ரீராம்புரத்து வீடுகள் தமிழில் செய்தி கேட்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தரையிறங்குவதைப் பார்க்கக் காத்திருந்தவர்கள் பார்த்தது நெருப்புக் கோடுகளை. அதன் பின் கர்நாடக அரசு இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது. தமிழ்நாடு துணிச்சலுக்கான விருதுக்கு அவர் பெயரை வைத்தது.

காத்திருப்பின் உச்சம் 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. நான்கு ஆண்டுகளுக்கு முன் சந்திரயான்-2 நள்ளிரவில் கைவிட்டுப் போனது எல்லார் நினைவிலும் இருந்தது. இந்த முறை இஸ்ரோவின் யூடியூப் நேரலையை ஒரே சமயத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் பி.வீரமுத்துவேல். அவர் எழுந்து பேசிய அறையும், ஸ்ரீராம்புரத்து வீட்டில் அதைப் பார்த்துக் கைதட்டிய கூடமும் ஒரே மெட்ரோ தடத்தை ஒட்டி இருந்தன. கைதட்டல் மட்டும் செயற்கைக்கோள் வழியாகச் சுற்றி வந்தது.

ஆனால் நிலவில் இறங்கியது இயந்திரம். மனிதர் மேலே எப்படி வாழ்கிறார் என்ற பழைய ஆவலுக்குத் தீனி 2025-ல் கிடைத்தது. முதலில் சுனிதா வில்லியம்ஸ். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சில நாள் வேலைக்குப் போனவர் 286 நாள் இருந்துவிட்டு, மார்ச் 19 அன்று அதிகாலை 3.27-க்குக் கடலில் இறங்கினார். கலத்தைச் சுற்றி டால்பின்கள் நீந்தியதை விழித்திருந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா. மே 29 என்று குறித்த நாள் தள்ளித் தள்ளிப் போய் ஜூன் 25 அன்று கிளம்பினார். பிரதமரோடு பேசும்போது, இப்போது என் காலைக் கட்டி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் மேலே போய்விடுவேன் என்றார். கேரட் அல்வாவைச் சக வீரர்களோடு பகிர்ந்து தின்றதைச் சொன்னார். தார்வாடிலிருந்து போன வெந்தயத்தையும் பச்சைப்பயறையும் அங்கே முளைக்க வைத்தார். ஜூலை 4 அன்று ஹாம் ரேடியோ வழியே அவர் மாணவர்களோடு பேச, இணைப்பு பெங்களூருவின் யு.ஆர்.ராவ் மையத்தில் அமைக்கப்பட்டிருந்தது.

மக்கள் இவற்றைத்தான் கேட்கிறார்கள். பல் தேய்த்த தண்ணீரை எங்கே துப்புவது? ஒரு நாளில் பதினாறு முறை சூரியன் உதித்தால் எப்போது தூங்குவது? எலும்பும் தசையும் தேயாமல் இருக்கத் தினம் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர், வியர்வையை என்ன செய்வார்? நம் டிவி நாற்பது ஆண்டுகளாகப் புறப்பாட்டைக் காட்டியிருக்கிறது, இறக்கத்தைக் காட்டியிருக்கிறது, தலைவர்கள் வாழ்த்தியதைத் தவறாமல் காட்டியிருக்கிறது. நடுவில் ஓடும் அன்றாட வாழ்க்கையைத் துணுக்குத் துணுக்காகத்தான் காட்டியிருக்கிறது. விவாதம் நடத்த நான்கு பேரை உட்கார வைக்கும் சேனல்கள், வியர்வையும் சிறுநீரும் வடிகட்டப்பட்டுக் குடிதண்ணீராகும் கதையைப் பொறுமையாகச் சொல்ல அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை.

ககன்யானில் இந்தியர்களை இந்திய ராக்கெட்டிலேயே அனுப்ப இஸ்ரோ 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர்கள் பயிற்சி பெறும் மையம் பெங்களூருவில் இருக்கிறது. இஸ்ரோவின் நேரலை வர்ணனை பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடக்கிறது. டிடி தமிழ் அந்த நாளுக்காக இப்போதே தமிழில் விளக்கிச் சொல்லக்கூடிய இரண்டு பொறியாளர்களைத் தேடிப் பிடித்து, கிளம்பும் பத்து நிமிடத்துக்கு மட்டுமல்லாமல் மேலே இருக்கும் நாள் முழுவதற்கும் நிகழ்ச்சி தயாரிக்க வேண்டும். கன்னடத்தில் சந்தனா சேனலும் அப்படியே செய்யட்டும். ஸ்ரீராம்புரத்து வீடுகள் இரண்டையும் பார்க்கும்.