ஆளைப் பிடிக்கக் கொடுத்த பணம்

பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதினவன் நான். அங்கே மூன்று நோட்டுகள் உண்டு. பாவு நூல் வரவு ஒன்று, துணி அனுப்பியது ஒன்று. இரண்டும் மேஜை மேல் பஞ்சு படிந்து கிடக்கும். மூன்றாவது பாக்கி நோட்டு. அது முதலாளியின் இழுப்பறையில் பூட்டுக்குள் இருக்கும்.

தறி ஓட்ட வருகிற ஆளுக்குச் சேரும்போதே கொடுக்கிற முன்பணம்தான் பாக்கி. வட்டி கிடையாது. எங்கள் கூடத்தில் வாரக் கூலியில் பிடிப்பதும் கிடையாது. ஆள் இருக்கிற வரைக்கும் பணமும் அப்படியே நிற்கும், போகிறபோது வைத்துவிட்டுப் போக வேண்டும். வைக்க வழியில்லாத ஆளை வேறொரு முதலாளி கூப்பிட்டால், அவர் பழைய பாக்கியை அடைத்துவிட்டுக் கூட்டிப் போவார். ஐபிஎல் கிரிக்கெட் ஏலத்தைப் பார்த்து ஊரே வாய் பிளக்கிறது. சோமனூர், மங்கலம், குமாரபாளையம் பக்கம் டீக்கடை பெஞ்சிலேயே இந்த ஏலம் ரொம்ப காலமாக நடந்துகொண்டிருந்தது.

ஒரு நல்ல கைக்காரர் எங்களிடம் எட்டுத் தறி ஓட்டினார். அத்தனை இரைச்சலிலும் எந்தத் தறியின் சத்தம் மாறுகிறது என்று அவர் காதுக்குத் தெரியும். நாடாவில் நூல் சுற்றிய தார் தீரும் முன்பே கை அங்கே போயிருக்கும். தறியை நிறுத்தி, வெறும் கட்டையை உருவி, புதுத் தாரைச் செருகி, நாடாவின் கண்ணில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுத்து, மறுபடி ஓட விடுவார். நாம் எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த தறிக்குப் போய்விடுவார். அவர் ஓட்டிய துணி டேமேஜ் என்று திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஒருநாள் என்னிடம் வந்து, "ஏனுங்ணா, மொதலாளிகிட்டச் சொல்லி ஒரு பத்து வாங்கித் தாங்க, புள்ளைக்குச் சீர் வெச்சிருக்குதுங்" என்றார். ஏற்கெனவே இருபத்தஞ்சாயிரம் நின்றது. முதலாளி என்னைப் பார்த்தார். எட்டுத் தறி நின்றால் மீட்டர் கூலி நின்றது. பாவு கொடுத்த ஜவுளிக்காரர் அடுத்த பாவை வேறு கூடத்துக்கு அனுப்பிவிடுவார். "கொடுத்தறலாங்க" என்றேன். கொடுத்தோம். அவர் பல வருடம் இருந்தார். அவரைவிட அதிகமாக வாங்கிய இன்னொருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்தான், திரும்பவில்லை.

இந்தப் பழக்கம் மின்சாரத் தறியோடு வந்ததல்ல. 1720 முதல் 1800 வரை தென்னிந்திய நெசவாளர்கள் பிழைத்த விதத்தை வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் வியாபாரி முன்பணம் கொடுப்பார். நெசவாளி எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வியாபாரியால் அப்படி முறிக்க முடியாது, நெய்து வந்ததை எடுத்தே ஆக வேண்டும். நெருக்கினால் நெசவாளி குடும்பத்தோடு அடுத்த சீமைக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஆள்பவர் வரியைக் குறைத்துக் குடிவைத்துக்கொள்வார். அன்றைய இங்கிலாந்து நெசவாளியைவிட நம் நெசவாளியின் பிழைப்பு மோசமில்லை என்பது பார்த்தசாரதியின் வாதம். எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. போகத் தெரிந்தவனுக்குத்தானே கூலி கூடும்!

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இது பிடிக்கவில்லை. துணி வாங்குகிற வியாபாரியாக இருந்தவரை பொறுத்துக்கொண்டது. நாட்டை ஆளும் அதிகாரம் வந்ததும் மற்ற வியாபாரிகளை ஒதுக்கியது, நெசவாளி வாசலில் சேவகர்களை நிறுத்தியது. 1792இல் சேலமும் பாராமகாலும், 1799இல் கோவைச் சீமையும் அதன் கைக்குப் போயின. இனி எந்தப் பக்கம் ஓடினாலும் அதே கம்பெனிதான். முன்பணம் அதேதான், வெளியே போகும் வழி மட்டும் அடைபட்டது.

அமெரிக்க பேஸ்பாலிலும் இதே கதை உண்டு. 1975 வரைக்கும் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கூட அணியின் சம்மதமில்லாமல் வேறு அணிக்குப் போக முடியாது. அந்த டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற தொழில் தகராறு நடுவர் தீர்ப்புச் சொல்லி அவிழ்த்துவிட்ட பிறகுதான் கோடிகள் புரள ஆரம்பித்தன. 2000 டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி 10 வருடத்துக்கு 25.2 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அவர் மூன்று வருடம் அடித்துத் தள்ளினார். அணியோ மூன்று வருடமும் தன் பிரிவில் கடைசி இடம். 2004இல் அவரை யாங்கீஸுக்குத் தள்ளிவிட்டார்கள். 2010இல் ரேஞ்சர்ஸ் திவால் மனு கொடுத்தபோது, ஈடில்லாமல் பணம் வர வேண்டியவர்கள் பட்டியலில் தலையில் இருந்த பெயர் ரோட்ரிகஸ்! எட்டுத் தறியை ஒருவர் ஓட்டலாம், கூடம் முழுவதையும் ஒருவர் ஓட்ட முடியாது என்று எங்கள் முதலாளியே சொல்லியிருப்பார்.

நம் பக்கத்துக் கணக்குக்கு வருவோம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜனின் அப்பா தறி வேலை பார்த்தவர், அம்மா சாலையோரக் கடை போட்டவர். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் நின்ற அந்தப் பையனைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். அடுத்த வருடம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு வருடம் உட்கார வைத்தது. 2020இல் அதே ஆள் யார்க்கராகப் போட்டு 16 விக்கெட் எடுத்து, அந்த வருடக் கடைசியில் தொடங்கிய ஒரே ஆஸ்திரேலியப் பயணத்திலேயே இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். 2021இல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. 2024 நவம்பரில் டெல்லி அணி 10.75 கோடி கொடுத்தது, 2025 சீசனில் பெரும்பாலும் வெளியேதான் இருந்தார். 3 கோடி நஷ்டம், 40 லட்சம் கொள்ளை லாபம் என்று எந்தக் கணக்கனும் எழுதுவான். ஆனால் நடராஜனிடம் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவர் ஊரில் மைதானம் போட்டார். தறிக்காரர் முழங்கால் போனால் பாக்கி அப்படியே நிற்கும். வீட்டுக்கே ஆள் போகும், தெருவில் நின்று சத்தம் போடும், பெண்டாட்டியோ பிள்ளையோ தறிக்கு வர வேண்டியிருக்கும்.

இதில் சாதியைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. எங்கள் பக்கம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கவுண்டர்கள், வாங்கினவர்களில் அருந்ததியர் அதிகம். வாசலில் நின்று வாங்கிய பணம் அது. 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்தைக் காட்டி ஆளைப் போகவிடாமல் வைத்தால் அந்தக் கடனே செல்லாது. எங்கள் நோட்டு எழுதப்பட்டதெல்லாம் அந்தச் சட்டம் வந்த பிறகுதான்.

குமாரபாளையத்தில் 1990களில் தங்கி ஆராய்ந்த கீர்ட் டி நெவே வேறொரு பக்கத்தையும் பார்த்தார். ஆளைக் கட்டிப்போடத்தான் பாக்கி கொடுத்தார்கள், ஆனால் ஆள் பற்றாக்குறையில் தறிக்காரர்கள் மேலும் மேலும் கேட்டு வாங்கினார்கள், சிலர் ஓடியும் போனார்கள், முதலாளிகள் புலம்பினார்கள். புலம்பலுக்கு நானே சாட்சி. பிற்பாடு அவரும் சக ஆய்வாளர் கிரேஸ் கார்ஸ்வெல்லும் திருப்பூரைச் சுற்றிய கிராமங்களைப் பார்த்தபோது, பாக்கியில்லாமல் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறினவர்களுக்கும் தறியில் மாட்டினவர்களுக்கும் இருந்த வித்தியாசம் தெரிந்தது. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட் கட்டாவிட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வேறு கம்பெனிக்குப் போகலாம்.

பணத்தைப் பின்னால் தருகிற ஏற்பாடும் உண்டு. 2023 டிசம்பரில் பேஸ்பால் ஆட்டக்காரர் ஷோஹெய் ஓதானி 70 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். அதில் 68 கோடி 2034 தொடங்கித்தான் கைக்கு வரும். அவர் கோடீஸ்வரர், முதலாளிக்கே கடன் கொடுக்கிறார், தாங்குவார். எங்கள் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று சின்னப் பெண்களை மூன்று வருடம் விடுதியில் வைத்து, முடிவில் முப்பதோ ஐம்பதோ ஆயிரம் கல்யாணத்துக்கு என்றார்கள். நடுவில் காய்ச்சலில் விழுந்து வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அது கிடையாது. இதைப் பற்றி 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் அறிக்கை போட்ட பிறகு, துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் கேள்வி கேட்டன.

பெரிய தொகை கொடுத்து ஆளைப் பிடிப்பது லாபமா என்று என்னைக் கேட்டால், முதலாளிக்கு லாபம்தான் என்பேன். ஓடிப்போனவர்களின் பாக்கியைக் கழித்த பிறகும், நல்ல கைக்காரர்கள் ஓட்டிய மீட்டரில் பணம் மீண்டுவிட்டது. வாங்கியவர்களின் லாப நஷ்டத்துக்கு எங்கள் கூடத்தில் நோட்டே கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களாவது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தறிகளைப் பழைய இரும்புக்கு எடை போடும்போது இந்த நோட்டுகளும் கூடவே போகின்றன. உங்கள் கூடத்தில் பழைய பாக்கி நோட்டு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். வாங்கியவர்களின் பெயரை மறைத்துவிட்டு, பக்கத்தில் உள்ள ஏதாவது கல்லூரி வரலாற்றுத் துறையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.