வாங்கியவரும் வைத்திருந்தவரும்

சென்ற ஆண்டு இறுதியில், சிரம்பானில் லாரித் தொழில் செய்யும் அண்ணன் ஒருவர் என்னைப் போர்டிக்சனுக்கு அழைத்துப் போனார். எங்கள் இருவரின் தாத்தாக்களும் லுக்குட் பக்கம் ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அந்தத் தோட்டத்தில் இன்று பாதி செம்பனை, பாதி வீடமைப்புப் பகுதி. அண்ணன் படகு வாங்கப் போகிறார். மீன்பிடிப் படகு அல்ல, உல்லாசப் படகு. நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்து ஐந்து வருடமாக டீசல் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் துணைக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, மேல பளபளன்னுதான் இருக்கு. உள்ள எப்படின்னு நீங்க பாத்துச் சொல்லுங்க.”

கிளம்பும்போது அப்பா ஒன்று கேட்டார். “கப்பல்ல வந்ததே போதும்டா. நமக்கு எதுக்கு இன்னொரு கப்பலு?”

அப்பா விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அது மனதில் தங்கிவிட்டது. இந்தக் கட்டுரை ஒருவகையில் அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

போர்டிக்சன் முதலில் உல்லாசத்துக்கான ஊர் அல்ல. அதன் பழைய பெயர் ஆராங், மலாயில் கரி என்று பொருள். சிரம்பான் பக்கத்து ஈயத்தை ஏற்றுவதற்காக 1891-இல் இங்கே இரயில் பாதை வந்தது. பிறகு வடக்கே போர்ட் சுவெட்டன்ஹம் பெரிய துறைமுகமாக வளர்ந்தது. போர்டிக்சனின் கடல் மெல்ல விடுமுறைக் கடலாக மாறியது. துரைமார்களுக்குப் பங்களாவும் யாட் கிளப்பும் வந்தன. எங்கள் ஆட்கள் தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை லாரியில் வந்து, தெலுக் கெமாங்கில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுவிட்டு, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுத் திரும்பினார்கள். ஆழத்துக்குப் போனவர்கள் குறைவு.

அண்ணன் பார்க்க வந்தது 38 அடி எக்ஸ்பிரஸ் குரூஸர். மாடியில்லாத, தாழ்வான, வேகமான படகு. ஓட்டுபவரும் விருந்தாளிகளும் ஒரே திறந்த தளத்தில் உட்காரலாம். முன்பக்கம் தளத்துக்கு அடியில் படுக்கை, சிறு சமையலறை, கழிவறை. பின்பக்கம் தரைக்கு அடியில் இரண்டு டீசல் இயந்திரங்கள். பழைய படகுதான், ஆனாலும் சிரம்பானில் இரண்டு மாடி வீடு வாங்கும் விலை சொன்னார்கள்.

அண்ணன் மெத்தையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரைப்பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கினேன். கடல் படகில் முதலில் பார்க்க வேண்டியது புகைபோக்கி வளைவு. உப்புத்தண்ணீரும் சூடான புகையும் கலக்கும் இடம் அது. உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும், வெளியே தெரியாது. ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக இயந்திரத்துக்குள் போகும். பிறகு துத்தநாகக் கட்டிகள். மற்ற உலோகங்களை உப்பு தின்னாமலிருக்க, தாம் கரைந்து கொடுக்கும் கட்டிகள் அவை. தேய்ந்தவற்றை மாற்றவில்லை என்றால் அடுத்து சுழலியும் தண்டும் கரையத் தொடங்கும். அடிப்பாகத்தில் கடலுயிர்கள் ஒட்டாமலிருக்க ஆண்டுதோறும் மேலே தூக்கிச் சுரண்டிச் சாயம் பூச வேண்டும். வேகமாக ஓட்டினால் இரண்டு இயந்திரமும் சேர்ந்து மணிக்கு 100 லிட்டர் டீசல் வரை குடிக்கும். ஓட்டாமல் கட்டி வைத்தாலும் கட்டுமிடத்துக்கு மாத வாடகை, காப்புறுதி. விலையில் பத்தில் ஒரு பங்கு வருடாவருடம் போகும் என்பது படகுக்காரர்களின் வாய்க்கணக்கு. யானையை வாங்குவது ஒருநாள் செலவு, தீனி தினமும் போட வேண்டும்.

கப்பல் வாங்கிய தமிழர் என்றால் நமக்கு வ.உ.சி. நினைவு வரும். பள்ளியில் தேசபக்திக் கதையாகப் படித்ததை இந்தக் கணக்கோடு மறுபடி படித்தேன். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். முதலில் வாடகைக் கப்பலில் தொடங்கினார்கள், எதிர்த்தரப்பின் நெருக்கடியில் அது கைவிட்டுப் போனது. சொந்தக் கப்பல் இல்லாமல் முடியாது என்று 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரணப் பயணிகள் போகலாம்.

எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாக ஏற்றி, குடையும் கொடுத்தார்கள் என்பது எல்லாரும் அறிந்த கதை. அந்தக் குடையைக் கேட்டு நாம் சிரிப்போம். நிறைய கப்பல் வைத்திருந்த கம்பெனி ஒரு வழித்தடத்தில் நட்டத்தைத் தாங்கும். இரண்டே கப்பல் வைத்திருந்தவர்களுக்கு நிலக்கரியும் சம்பளமும் துறைமுகக் கூலியும் ஒவ்வொரு வாரமும் வாசலில் நிற்கும். 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் அந்த எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. கப்பல் வாங்கும் காசை மக்கள் 25 ரூபாய் 25 ரூபாயாகக் கொடுத்தார்கள். தொடர்ந்து வைத்திருக்கும் காசுதான் இல்லை.

அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிதான் 1926-இல் ரஜூலா கப்பலை இறக்கியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர். ஆரம்பத்தில் 5,000-க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. என் கொள்ளுத்தாத்தா 1937-இல் அதில்தான் வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். மறு ஆண்டு ஜூனில், மலாயாவுக்கு உதவித்தொகையில் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. அப்பா சொல்லும் ‘கப்பல்ல வந்தது’ இதுதான். கப்பல் என்றால் எங்களை ஏற்றி இறக்கிய ஒன்று.

ஆனால் அதே 1937-இல் இன்னொரு தமிழ்க் கப்பல் எதிர்த்திசையில் கிளம்பியிருக்கிறது. யாழ்ப்பாணத்தின் வடகரையில் வல்வெட்டித்துறை. அங்கே கப்பல் கட்டுவதும் ஓட்டுவதும் ஊர்த்தொழில். அங்கே கட்டிய 89 அடிப் பாய்க்கப்பலின் பெயர் அன்னபூரணி. அதை வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர். ஸ்வாப் என்ற 32 அடிப் பாய்ப்படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றியவர். சரக்கு ஏற்றப் பிறந்த கப்பலைத் தன் ஆசைக்காக வாங்கினார், அதாவது உல்லாசப் படகாக. தன் மனைவியின் பெயரையே அதற்குச் சூட்டினார்: ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்.

நடுவில் உள்ள அந்த ‘சி’ க்ரேன். சிகாகோவின் வால்வு, குழாய்த் தொழிற்சாலைக் குடும்பம். குழாய்க்குள் திரவம் ஓடுவதைக் கணக்கிட எங்கள் துறையில் எல்லாரும் புரட்டும் க்ரேன் கையேடு என் மேசையிலும் இருக்கிறது. இத்தனை வருடம் புரட்டிய புத்தகத்தின் அட்டையில் இருக்கும் பெயர், வல்வெட்டித்துறைக் கப்பல் ஒன்றின் பக்கவாட்டிலும் இருந்திருக்கிறது என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

கப்பலை அமெரிக்கா கொண்டுபோய்ச் சேர்க்க வல்வெட்டித்துறை ஆட்களே போனார்கள். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் சில கடலோடிகளும். செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், பிறகு அட்லாண்டிக். 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்ந்தார்கள். மலாயாவுக்கான வாசல் மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

தண்டையல் என்றால் கப்பலை நடத்துபவர். எங்கள் தோட்டங்களில் ‘தண்டல்’ என்றால் வெட்டுக்காட்டில் ஆள்களை மேய்ப்பவர். கடலில் பிறந்த சொல் எங்களிடம் வரும்போது கடலை விட்டுவிட்டு வந்திருக்கிறது.

இயந்திர அறையிலிருந்து நான் மேலே வந்தேன். ஆச்சரியமாக எல்லாம் ஒழுங்காக இருந்தது. புகைபோக்கி வளைவு புதியது. துத்தநாகக் கட்டிகள் பாதிகூடத் தேயவில்லை. எண்ணெய் சுத்தம். விற்பவரோ மூன்று வருடமாகப் படகுப் பக்கம் வரவில்லை என்று தரகர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

“அப்ப யாருங்க பாத்துக்கிட்டது?”

தரகர் தளமேடையைக் காட்டினார். அறுபதைத் தாண்டிய ஒருவர் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தார். ‘போட் பாய்’ என்றார் தரகர். லிங்கி பக்கத் தோட்டத்தில் பால் வெட்டியவராம். மரத்தை அழித்துச் செம்பனை போட்டபோது இங்கே வந்திருக்கிறார்.

“ஓனரு வரலன்னா இஞ்சினு சும்மா கெடக்குமா தம்பி? சனிக்கிழம சனிக்கிழம முடுக்கி அரைமணி ஓட விடுவேன். சம்பளம் சில மாசம் வரும், சில மாசம் வராது. படகு என்னா பண்ணுச்சு, பாவம்.”

பிறகு ஒரு பள்ளி நோட்டுப்புத்தகத்தை எடுத்துவந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் தேதி, இயந்திரம் ஓடிய மணிக்கணக்கு, எண்ணெய் மட்டம், மாற்றிய பாகம். எல்லாம் தமிழில், பென்சிலில். ‘இடது இஞ்சின் லேசா புகை. பில்டர் மாத்தினேன்.’ மூன்று வருடத்தில் விட்டுப்போன சனிக்கிழமைகள் நான்கு. அவற்றுக்கும் பக்கத்தில் காரணம் இருந்தது: காய்ச்சல், காய்ச்சல், மகள் கல்யாணம், மழை.

அண்ணனுக்கு நான் எழுதிக்கொடுத்த அறிக்கையில் இயந்திரத்துக்கு ஒரு பக்கம், அடிப்பாகத்துக்கு ஒரு பக்கம். வழக்கமான படிவத்தில் பராமரித்தவர் பெயருக்கு இடமில்லை, உரிமையாளர் பெயருக்குத்தான் உண்டு. அதனால் கடைசியில் தனியாக ஒரு வரி சேர்த்தேன்: இந்தப் படகை வாங்கினால் அந்த ஐயாவையும் மாதச் சம்பளம், ஈபிஎஃப், சொக்சோவோடு வேலைக்கு வையுங்கள். முடியாதென்றால் படகையும் விட்டுவிடுங்கள்.

அண்ணன் படித்துவிட்டு, “தம்பி, படகைவிட இது செலவு லா” என்று சிரித்தார். இரண்டு வாரம் கழித்து வாங்கினார், ஐயாவையும் வைத்துக்கொண்டார்.

போன மாதம் அப்பாவை அந்தப் படகில் ஏற்றினேன். தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் தெரியும் தூரம் வரை ஐயாதான் ஓட்டினார். அப்பா கைப்பிடியைக் கடைசிவரை விடவில்லை. கரைக்கு வந்து இறங்கியதும், அந்த நோட்டுப்புத்தகத்தை ஒருமுறை பார்க்கலாமா என்று ஐயாவிடம் கேட்டார்.