குதிரையின் குளம்பும் குழந்தையின் கையும்

1904ஆம் ஆண்டுக் கோடையில், பெர்லின் நகரின் வடபகுதியில் இருந்த ஒரு வீட்டு முற்றத்தில் நாள்தோறும் கூட்டம் கூடியது. வில்லெம் ஃபான் ஓஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தம் குதிரை ஹான்ஸை அங்கே நிறுத்தி வைத்துக் கேள்விகள் கேட்பார். கூட்டல், கழித்தல், பின்னங்கள், நாட்காட்டித் தேதிகள் என எதைக் கேட்டாலும் ஹான்ஸ் தன் வலக் குளம்பைத் தரையில் தட்டி விடை கூறும். எழுத்துகளுக்கு எண்கள் குறிக்கப்பட்ட பலகையின் உதவியால் சொற்களையும் அது 'எழுத்துக்கூட்டி' உணர்த்தியது. பார்க்க வந்தவர்களிடம் அந்த முதியவர் ஒரு காசும் பெறவில்லை. விலங்குக்கும் அறிவு உண்டு, கற்பிப்பார் இன்மையால்தான் அது ஊமையாய் நிற்கிறது என்பதை உலகுக்கு மெய்ப்பிப்பதே அவரது ஒரே ஆசை.

உளவியல் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ப் தலைமையில் அதே ஆண்டு செப்டம்பரில் 13 பேர் கொண்ட குழு ஆராய்ந்தது. கால்நடை மருத்துவரும், சர்க்கஸ் நிர்வாகியும், பள்ளி ஆசிரியர்களும் அதில் இருந்தனர். ஏமாற்று வேலை ஏதும் இல்லை என்று அவர்கள் சான்றளித்தனர். அது உண்மையே, ஓஸ்டன் ஏமாற்றவில்லை. ஆனால் ஸ்டும்பின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அத்துடன் அமைதி கொள்ளவில்லை. கேட்பவருக்கே விடை தெரியாத கேள்விகளைக் கேட்கச் செய்தார். குதிரையின் கண்களுக்குக் கேட்பவர் தெரியாதவாறு மறைப்பும் இட்டார். ஹான்ஸின் மேதைமை அந்த இடத்திலேயே மறைந்தது. கேள்வி கேட்பவர், குளம்பைக் காண்பதற்காகத் தம்மை அறியாமலே சற்றுக் குனிகிறார். எண்ணிக்கை சரியான விடையை எட்டியதும் அவரது தலை இழையளவு நிமிர்கிறது. அந்த இழையளவு அசைவைத்தான் ஹான்ஸ் படித்துக்கொண்டிருந்தது. இரகசியம் தெரிந்த பின்னரும், ஃபுங்ஸ்டாலேயே தம் தலையசைவை முற்றிலும் அடக்க இயலவில்லை. 1907இல் அவர் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். ஓஸ்டன் 1909இல் இறந்தார்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லிச் சிரிப்பது எளிது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதனின் முகத்தையும் உடலையும் இத்தனை கூர்ந்து படிக்கவல்ல உயிரை 'அறிவற்றது' என்று தள்ளிவிட முடியுமா? ஆயினும் அது மொழி அன்று. எங்கே மொழி தொடங்குகிறது என்ற கேள்வி மிகப் பழையது. குரல் விலங்குகளுக்கும் உண்டு, அது இன்பதுன்பத்தைக் காட்டும். ஆனால் நீதி இது, அநீதி இது என்று எடுத்துரைக்கும் பேச்சு மனிதனுக்கே உரியது என்று அரிஸ்டாட்டில் வகுத்தார். 1637இல் தெக்கார்த்து என்னும் பிரெஞ்சு மெய்யியலாளர் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொன்னார். கிளி சொற்களை ஒலிக்கும், ஆனால் தான் சொல்வதை நினைத்துச் சொல்வதில்லை. காதும் வாயும் இயங்காமல் பிறந்த மனிதரோ தாமே சைகைகளை ஆக்கிக்கொண்டு தம் எண்ணத்தைப் பிறருக்கு விளங்கச் செய்கின்றனர் என்றார் அவர். மொழியின் இருப்பிடம் நாக்கு அன்று, உள்ளம் என்பதே இதன் பொருள். இந்த ஒரு வரியை ஐரோப்பா கவனித்துப் படித்திருந்தால், பின்னால் நாம் சொல்லப்போகும் துயரம் ஒன்று நேராமலே போயிருக்கும்.

விலங்குகளிடையே செய்திப் பரிமாற்றம் இல்லை என்று இன்று எவரும் சொல்வதற்கில்லை. ஆஸ்திரிய நாட்டவரான கார்ல் ஃபான் ஃபிரிஷ் தேனீக்களை நோக்கியே தம் வாழ்நாளைக் கழித்தார். கூட்டின் இருளில், செங்குத்தான தேனடையின் மீது, இரை கண்டு திரும்பிய தேனீ ஒரு நடனம் ஆடுகிறது. வட்டமாய் ஆடினால் பூந்தேன், உடலின் பின்பகுதியை அசைத்து ஆடினால் மகரந்தம் என்று 1920களில் அவர் எழுதினார். அது தவறு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், போர்க்காலத்தில், அவரே தம் முடிவை மாற்றிக்கொண்டார். அசைந்தாடும் நேரம் தொலைவைக் குறிக்கிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து ஆட்டம் எவ்வளவு சாய்கிறதோ, அவ்வளவே சூரியன் நிற்கும் திசையிலிருந்து மலர் விலகியுள்ளது. கண்முன் இல்லாத ஒரு பொருளைப் பற்றித் தேனீ 'பேசுகிறது'! தம் பிழையைத் தாமே கண்டு திருத்திய அந்த நேர்மைக்காகவும் அவரை நாம் மதிக்கிறோம். 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது.

ஆனால் அந்த நடனத்திற்கும் எல்லை உண்டு. உயர்ந்த வானொலிக் கோபுரத்தின் அடியில் தேன்கூட்டை வைத்து, கோபுரத்தின் உச்சியில் இனிப்பு நீரை வைத்தார்கள். சில தேனீக்கள் அதைக் கண்டன. திரும்பி வந்து ஆடின. கூட்டிலிருந்து புறப்பட்ட மற்றத் தேனீக்கள் நாற்புறமும் தேடி அலைந்தன. மேலே மட்டும் செல்லவில்லை. 'மேலே' என்பதற்கு அந்த நடனத்தில் இடமில்லை. தேவை நேர்ந்தபோது புதிதாய் ஒரு குறியை ஆக்கிக்கொள்ளவும் அவற்றால் இயலவில்லை. நேற்று வாடிய மலரைப் பற்றியோ, பொய்த்துப்போன மழையைப் பற்றியோ தேனீ ஆடுவதில்லை. கென்ய நாட்டின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு கூவல், கழுகுக்கு வேறொன்று, பாம்புக்கு மற்றொன்று என வைத்துள்ளன. ஒலிப்பதிவைக் கேட்டபோதே, முதலாவதற்கு மரமேறின, இரண்டாவதற்கு வானை நோக்கின, மூன்றாவதற்குப் பின்னங்கால்களில் நின்று தரையைப் பார்த்தன. 1980இல் வெளிவந்த இந்த ஆய்வு அருமையானது. எனினும் சிறுத்தை வரவில்லை என்றோ, வந்தால் என்செய்வோம் என்றோ அக்குரங்குகள் சொல்லிக்கொள்வதில்லை.

மனிதனுக்கு மிக நெருங்கிய சிம்பன்சிக்கு நம் மொழியையே கற்பித்தால் என்ன? 1947 முதல் ஓர் அமெரிக்கத் தம்பதியர் விக்கி என்ற குட்டியைத் தம் பிள்ளைபோல் வளர்த்துப் பார்த்தனர். பல ஆண்டு உழைப்பிற்குப் பின் அதன் வாயிலிருந்து நான்கு சொற்களே வந்தன. குறை அறிவிலா, தொண்டையிலா? நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் ஆலன், பீட்ரிஸ் கார்டனர் இணையர் வேறு வழி கண்டனர். சிம்பன்சியின் கைகள் திறமையானவை. ஆகவே அமெரிக்கக் காது கேளாதோரின் சைகை மொழியை 1966 முதல் வாஷோ என்ற பெண் சிம்பன்சிக்குக் கற்பித்தனர். ஏறத்தாழ 130 சைகைகளை அது கற்றதாக அறிவிக்கப்பட்டது. நீரில் மிதந்த அன்னத்தைக் கண்டு 'நீர்' 'பறவை' என்று அது காட்டியதாகக் கேட்டபோது உலகமே வியந்தது.

ஃபிரிஷ் நோபல் பரிசு பெற்ற அதே 1973இல், நவம்பர் மாதம், ஓக்லஹோமாவில் ஓர் ஆண் சிம்பன்சி பிறந்தது. மொழி மனிதனுக்கே உரிய பிறவித் திறன் என்று வாதிட்ட நோம் சோம்ஸ்கியைச் சீண்டும் வகையில் அதற்கு நிம் சிம்ப்ஸ்கி என்று பெயரிட்டனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் டெரஸ் அதை நியூயார்க்கில் ஒரு குடும்பத்தில் வளர்க்கச் செய்தார். நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் அறுபது பேர் வரை அதற்கு ஆசிரியர்களாய் வந்து போயினர். நிம் 125 சைகைகள் கற்றது. டெரஸ் தம் வெற்றியை எழுத அமர்ந்து ஒளிப்பதிவுகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். அங்கே அவர் கண்டது பெர்லின் முற்றத்தில் ஃபுங்ஸ்ட் கண்டதைப் போன்ற ஒன்று. நிம் கை அசைப்பதற்கு ஒரு கணம் முன்பு, ஆசிரியரின் கை அசைந்திருந்தது. தம்மை அறியாமலே அவர்கள் தூண்டினர். அது பெரும்பாலும் திருப்பிக் காட்டியது. அதன் மிக நீண்ட 'வாக்கியம்' 16 சைகைகள் கொண்டது. ஆரஞ்சு, கொடு, தின்ன, எனக்கு என்பவையே அதில் திரும்பத் திரும்ப வந்தன. மனிதக் குழந்தையின் வாக்கியம் நீளுந்தோறும் பொருளும் வளரும். நிம்மின் வாக்கியம் நீண்டபோது பசி மட்டுமே வளர்ந்தது. 1979இல் டெரஸ் தம் தோல்வியை வெளிப்படையாக எழுதினார்.

2025இல் இறந்த கான்சி என்னும் பொனோபோ குரங்கு, ஆங்கில வாக்கியங்கள் பலவற்றைக் கேட்டுப் புரிந்துகொண்டு செயல்பட்டது. ஆகவே இந்த வழக்கு முற்றிலும் முடிந்துவிட்டதெனச் சொல்ல மாட்டோம். ஆனால் நிம்முக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. மனித வீட்டில் ஆடை உடுத்தி வளர்ந்த அந்த உயிர், ஆய்வு முடிந்ததும் கூண்டுக்குத் திரும்பியது. 1982இல் மருத்துவச் சோதனைக் கூடம் ஒன்றிற்கு விற்கப்பட்டது. மக்கள் எதிர்ப்பால் மீட்கப்பட்டு, டெக்சாஸில் ஒரு விலங்குப் புகலிடத்தில் வாழ்ந்து 2000ஆம் ஆண்டில் இறந்தது. அதற்கு மொழி இல்லை என்பது மெய்யாயிருக்கலாம். நன்றிக்கடன் நமக்கு இல்லையா?

இனி நம் உள்ளத்தை நெடுநாளாய் உறுத்தும் செய்திக்கு வருகிறோம். வாஷோவுக்கும் நிம்முக்கும் கற்பிக்கப்பட்ட அந்தச் சைகை மொழி யாருடையது? அதன் வேர் பாரிஸ் நகரில் இருக்கிறது. 'வாயில்லாச் சீவன்' என்று மாட்டைப் பார்த்து நாம் இரக்கத்தோடு சொல்வதுண்டு. அதே சொல்லைக் காது கேளாத பிள்ளையைக் குறித்துச் சொல்லவும் கேட்டிருக்கிறோம். ஐரோப்பாவிலும் நிலை அதுவே. பிறவியிலேயே கேளாமலும் பேசாமலும் இருப்பவர் உயில் எழுதவும் இயலாது என்று 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் பேரரசரின் சட்டம் விதித்தது. ஸ்பெயினில் பெத்ரோ போன்சே தெ லெயோன் என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, 16ஆம் நூற்றாண்டில் பிரபு குலத்துக் காது கேளாப் பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கற்பித்தார். ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்கு யார் இருந்தார்?

1760ஆம் ஆண்டையொட்டி, ஷார்ல் மிஷேல் தெ லெப்பே என்ற குருவானவர் பாரிஸில் ஒரு வீட்டிற்குச் சென்றார். அங்கிருந்த சகோதரியர் இருவர் அவர் பேச்சுக்கு மறுமொழி தரவில்லை. இருவருக்கும் காது கேளாது. படங்களைக் காட்டி அவர்களுக்கு மறைக்கல்வி புகட்டிவந்த குரு இறந்துபோயிருந்தார். இறைவனை அறியாமலே இவ்விருவரும் வாழ்ந்து மடிவார்களே என்ற கவலைதான் தெ லெப்பேயை ஆசிரியராக்கியது. நகரத்துக் காது கேளாதோர் தமக்குள் வழங்கிய சைகைகளை அவர் கற்றுக்கொண்டார். அவற்றின் மேல் பிரெஞ்சு இலக்கணத்துக்கான சைகைகளையும் சேர்த்தார். அந்தச் சேர்க்கை வீண் சுமை என்பது நமது கருத்து. ஆயினும் செல்வரையும் வறியவரையும் ஒன்றாய் அமர்த்திக் கட்டணமின்றிக் கற்பித்த பள்ளி அது. பியேர் தெலோஜ் என்ற காது கேளாத புத்தகக் கட்டுநர் 1779இல் ஒரு நூலே எழுதினார். சைகை மொழியை எந்த அறிஞரும் எங்களுக்குத் தரவில்லை, பாரிஸ் தெருக்களில் நாங்களே அதில் எல்லாவற்றையும் உரையாடுகிறோம் என்பது அவரது வாதம். தெ லெப்பேயின் பள்ளி வழிவந்த லொரான் கிளேர் அமெரிக்கா சென்று, 1817இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கத் துணைநின்றார். அமெரிக்கச் சைகை மொழி வளர்ந்தது இவ்வாறே.

பின்பு 1880 வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மிலான் நகரில், காது கேளாதோர் கல்விக்கான மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் ஜூலியோ தாரா. அவரும் ஒரு குருவானவர். வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் காது கேட்பவர்கள். வாய்ப்பேச்சே உயர்ந்தது, கல்வியில் அதையே கைக்கொள்ள வேண்டும் என்று மாநாடு முடிவு செய்தது. ஒரு குருவானவர் திறந்த கதவை மற்றொரு குருவானவரின் தலைமையில் மூடினார்கள். இதைக் கத்தோலிக்கராகிய நாமே சொல்ல வேண்டும். காது கேளாத ஆசிரியர்கள் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டனர். பிள்ளைகள் சைகை செய்யாதிருக்கப் பல பள்ளிகளில் அவர்கள் கைகளைக் கட்டினர், அல்லது கைகளின் மேல் அமரச் செய்தனர். குழந்தைகள் தங்களால் கேட்க இயலாத ஒலிகளை உதட்டில் பழகுவதிலேயே ஆண்டுகளைக் கழித்தனர்.

வாஷிங்டனின் கல்லாடெட் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராய் இருந்த வில்லியம் ஸ்டோக்கி, 1960இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். சைகை ஒவ்வொன்றும் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு ஆகிய கூறுகளால் ஆனது. நம் சொற்கள் எழுத்தொலிகளால் ஆவது போலவே அதுவும். ஆகவே இது நடிப்பன்று, முழுமையான மொழி என்று அவர் நிறுவினார். உடன் பணியாற்றியோரே அவரை எள்ளினர். ஆறு ஆண்டுகளில் வாஷோ ரீனோவுக்கு வந்தது. காலத்தின் முரணைப் பாருங்கள்: ஒரு சிம்பன்சியின் கையைப் பிடித்துச் சைகை கற்பித்துக்கொண்டிருந்த அந்நாட்களில், அதே நாட்டின் பள்ளிகள் பலவற்றில் காது கேளாத பிள்ளை கை அசைத்தால் தண்டனை. மிலான் முடிவுக்காக வருத்தம் தெரிவிக்கப்பட்டது 2010இல், வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாட்டில்தான். இடையில் 130 ஆண்டுகள்.

நிகராகுவா நாட்டில் 1970களின் இறுதி வரையில் காது கேளாதோருக்கென ஒரு பொது மொழி இருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டாரோடு சில கையசைவுகளால் ஒப்பேற்றியது. 1977இலும் 1980இலும் மனாகுவாவில் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆசிரியர்கள் உதட்டசைவால் ஸ்பானிய மொழியைக் கற்பிக்க முயன்று தோற்றனர். வகுப்பறையில் நடக்காதது விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் நடந்தது. பிள்ளைகள் தம் வீட்டுச் சைகைகளை ஒருவரோடொருவர் கலந்து பேசினர். பின்னர் வந்த சிறுவர்கள் அதைக் கற்று, கற்றதை மாற்றினர். அவர்களைத் தூண்ட ஆசிரியர் எவருமில்லை. பரிசாய்த் தர ஆரஞ்சுப் பழமும் இல்லை.

2004இல் ஆன் செங்காஸும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கேலிச்சித்திரப் படத்தை அவர்களுக்குக் காட்டினர். அதில் ஒரு பூனை பந்தை விழுங்கிவிட்டுச் சரிவான தெருவில் உருண்டோடும். அதைத் திருப்பிச் சொன்ன முதல் தலைமுறையினர், கையை உருட்டிக்கொண்டே கீழே இறக்கினர். காட்சியை அப்படியே வரைந்தாற் போன்ற ஒரே அசைவு. பின்னர் வந்த இளையோரோ முதலில் உருளுதலைக் காட்டினர், கையை நிறுத்தினர், பிறகு இறங்குதலைக் காட்டினர். காட்சியில் ஒன்றாய் இருந்ததை இரு சொற்களாய்ப் பிரித்து வரிசைப்படுத்திவிட்டனர். அப்படிப் பிரிக்கும்படி அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. அங்கே இல்லாத ஒரு பூனை, நடந்தேயிராத ஒரு கதை. அதைச் சொல்லும் பிள்ளையும் பார்க்கும் பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.