கோப்புகளுக்குக் காவல் வைத்த பிரான்ஸ்

1974 மார்ச் 21 தேதியிட்ட லெ மோந்த் நாளிதழில் பிலிப் பூஷே எழுதிய கட்டுரை, பிரெஞ்சு மக்கள் வேட்டையாடப்படுகிறார்கள் என்று தலைப்பிலேயே சொன்னது. அரசின் புள்ளிவிவர நிறுவனமான இன்சே, ‘சஃபாரி’ என்ற பெயரில் ஒரு திட்டம் வகுத்திருந்தது. ஆளுக்கொரு எண்ணை வைத்து அரசுத் துறைகளின் கோப்புகளையெல்லாம் கணினி வழியே இணைத்துவிடலாம் என்பது திட்டம். உள்துறை அமைச்சகமும் பெரிய கணினி ஒன்றை நிறுவிக்கொண்டிருந்தது. காவல் துறையிடம் 400 கோப்புகளில் 10 கோடி ஆள்விவர அட்டைகள் இருப்பதாகக் கட்டுரை கூறியது.

அந்த எண்ணின் பிறப்பை அறிந்தவர்களுக்கு அச்சம் இன்னும் கூடுதல். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், விஷி அரசின் கீழ் ரெனே கார்மி என்ற அதிகாரி வகுத்த 13 இலக்க எண் அது. முதல் இலக்கம் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. அல்ஜீரியாவிலோ அதே முதல் இலக்கம் முஸ்லிம்களுக்கு 3, 4 என்றும் யூதர்களுக்கு 5, 6 என்றும் பிரிக்கப்பட்டது. எதிர்ப்பியக்கத்துக்கு உதவிய கார்மி 1944இல் கைதாகி, மறு ஆண்டு டாக்காவ் வதைமுகாமில் இறந்தார். போருக்குப் பின் மதப் பிரிவினை நீங்கியது. எண் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றும் பிரான்ஸில் சமூகக் காப்பீட்டு எண் அதுதான்.

கட்டுரை வெளிவந்த சில நாள்களிலேயே பிரதமர் மெஸ்மர், தம் அனுமதியின்றித் துறைகள் கோப்புகளை இணைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதன்பின் ஒரு குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1978 ஜனவரி 6 அன்று ஆள்விவரக் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. க்னில் என்று சுருக்கமாக அழைக்கப்படும் 17 பேர் கொண்ட ஆணையம் அதன் வழியே பிறந்தது. நாடாளுமன்றத்தினர், உயர் நீதிமன்றங்களின் நீதிபதிகள், வல்லுநர்கள் என்று பலர் அதில் இருந்தனர். யாரிடமிருந்தும் அவர்கள் உத்தரவு பெறக் கூடாது. சுதந்திர நிர்வாக அமைப்பு என்று பிரெஞ்சுச் சட்டம் ஒன்றைப் பெயரிட்டு அழைத்தது அதுவே முதல்முறை.

தொடக்கத்தில் அதற்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் அதைவிடப் பெரியதொன்று கையில் இருந்தது. அரசு புதிய கோப்பு தொடங்க வேண்டுமானால் ஆணையத்தின் கருத்தைப் பெற்றாக வேண்டும். ஆணையம் மறுத்தால், உச்ச நிர்வாக நீதிமன்றமான அரசு மன்றம் இசைந்தால்தான் மேலே நகர முடியும். 1981இல் அந்த அதிகாரம் வேலை செய்தது. கைக்குழந்தைகளின் மருத்துவச் சான்றிதழ்களைக் கணினியில் ஏற்றி, ‘ஆபத்தில் உள்ள’ குழந்தைகளை அதுவே பொறுக்கி எடுக்கும் ‘காமேன்’ என்ற திட்டத்துக்கு ஆணையம் மறுப்புத் தெரிவித்தது. திட்டம் கைவிடப்பட்டது. ஒரு குழந்தையின் எதிர்காலத்தைக் கணினியின் கணிப்பிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதை இவ்வளவு முன்பே உணர்ந்திருந்தார்கள். ஆணையத்தின் வரலாற்றில் மிக உயர்ந்த முடிவு இதுதான்.

2004இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆணையத்துக்கு அபராதம் விதிக்கும் உரிமை வந்தது. அரசின் பாதுகாப்புக் கோப்புகளைத் தடுக்கும் உரிமை போயிற்று. இனிமேல் அவற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம், அந்தக் கருத்து வெளியிடப்படும், அவ்வளவுதான். இத்திருத்தத்தை மேலவையில் முன்னெடுத்த செனட்டர் அலெக்ஸ் துர்க், அப்போது ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார் என்பது வருத்தம் தரும் செய்தி.

நிறுவனங்கள் மீதான பிடி அதன்பின் இறுகிக்கொண்டே போனது. 2014இல் கூகுளுக்கு விதித்த அபராதம் 1,50,000 யூரோ. அன்றைய உச்சவரம்பே அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பைக் கூகுள் தன் பிரெஞ்சு முகப்புப் பக்கத்தில் 48 மணி நேரம் காட்ட வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு, 2019 ஜனவரியில் அதே நிறுவனத்துக்கு 5 கோடி யூரோ. 2021 இறுதியில் 15 கோடி. ஃபேஸ்புக்குக்கு 6 கோடி. குக்கீகளை ஏற்க ஒரே சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்குகள் என்று வைத்திருந்ததே 2021இன் இவ்விரு அபராதங்களுக்கும் காரணம்.

அரசின் பக்கம் கதை வேறு. 2008இல் ‘எத்விஜ்’ என்ற உளவுக் கோப்பு, 13 வயதுச் சிறுவர்களையும் பதிவுசெய்ய வந்தது. ஆணையம் வற்புறுத்தியதால் அதன் ஆணை வெளியிடப்பட்டது. மக்கள் கொதித்தெழ, சில மாதங்களில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. 2016இல் அப்படி நடக்கவில்லை. ஏறத்தாழ 6 கோடிப் பேரின் முகப்படத்தையும் கைரேகையையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கும் ஆணை, அனைத்துப் புனிதர் விடுமுறையை ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியானது. இதை நாடாளுமன்றம் விவாதிக்க வேண்டும் என்று ஆணையம் முன்பே சொல்லியிருந்தும் பயனில்லை. இரண்டு ஆண்டு கழித்து அரசு மன்றமும் அந்த ஆணை செல்லும் என்றது.

2021 ஜனவரியில், சட்ட அனுமதியின்றிக் கேமரா பொருத்திய ட்ரோன்களைப் பறக்கவிட்டதற்காக உள்துறை அமைச்சகத்தையே ஆணையம் பகிரங்கமாகக் கண்டித்து, நிறுத்தச் சொன்னது. அபராதம் விதிக்கவில்லை, அரசுக்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமில்லை. மறு ஆண்டு ஜனவரியில் வந்த புதுச் சட்டம், காவல் துறையின் ட்ரோன்களுக்கு அனுமதி கொடுத்தது.