செவ்வாய்க் கல்லும் அறிவிப்பாளர் தொடரும்

தாமிரபரணிக் கழிமுகத்தை அடுத்த காயல்பட்டினத்தின் மதரசாக்களில் பயிலப்படும் ஹதீஸ் கலை, மத்ன் எனும் வாசகத்தையும் இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் தொடரையும் தனித்தனியே ஆராய்கிறது. செவ்வாய்க் கோளின் நிலவியல் ஆய்விலும் இவ்விரு வினாக்களையே நாம் காண்கிறோம்.

1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள விண்கல் வீழ்ந்தது. அது கல்கத்தாவில் பேணப்பட்டது. 1872இல் செர்மாக் எனும் அறிஞர் வியன்னாவில் அதனை ஆராய்ந்து, அதிலிருந்த கண்ணாடிப் பொருளுக்கு மாஸ்கெலினைட் எனப் பெயரிட்டார். பிறப்பிடம் மட்டும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் புலப்படவில்லை. அண்டார்க்டிகாவில் கிடைத்த அதே இனக் கல்லொன்றில் அடைபட்டிருந்த வாயு, 1976இல் வைக்கிங் கலங்கள் அளந்த செவ்வாய்க் காற்றை ஒத்திருப்பதை 1983இல் போகார்டும் ஜான்சனும் எடுத்துக்காட்டினர். ஷெர்காட்டிக் கல்லின் தாயகமும் அவ்வழியே துலங்கிற்று.

ஆயினும் கோளின் எப்பகுதியிலிருந்து பெயர்ந்தது என்பதைக் கல் கூறுவதில்லை. சுற்றுவட்டக் கலங்களின் நிறமாலைக் கருவிகள் இன்ன இடத்தில் இன்ன கனிமம் என்று உரைக்கின்றன. எனினும் தூசு பாறையை மறைக்கிறது, வயதும் தெரிவதில்லை. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்த மங்கள்யானிலும் அத்தகைய கருவி இருந்தது. அதனை ஏவிய ராக்கெட்டின் விகாஸ் வகை எஞ்சின்கள் நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்படுபவை.

கல்லில் வாசகம் உண்டு, தொடர் அறுந்துள்ளது; நிறமாலையில் இடம் உண்டு, வாசகம் நிறைவுறவில்லை. இரண்டையும் இணைக்கும் பொறுமையே ஆய்வு. விண்ணிலிருந்து கல் வந்ததெனக் கேட்டவுடன் அதனை இறைமறைக்குச் சான்றாக்க விரைவோர் நம்மிடையே உளர். தொடரை ஆராயாது செய்தியை ஏற்காத முன்னோரின் மரபு, இங்கும் நமக்கு வழிகாட்டட்டும்.