அயலானின் பெயர்: முஸ்லிம்களைக் குறித்த ஆங்கிலச் சொற்களின் வரலாறு

ஒரு சமயத்தாரை மற்றொரு சமயத்தார் எப்பெயரால் அழைத்தனர் என்பது சொல்லாராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய செய்தியன்று. திருச்சபை வரலாற்றைக் கற்போரும் அதனை அறிதல் வேண்டும். பெயரிடுகிறவன் தான் காண்பதையே பெயராக்குகிறான். ஆகவே ஒரு பெயரின் வரலாற்றில் பெயரிடப்பட்டவரைக் காட்டிலும் பெயரிட்டவரே தெளிவாகத் தோன்றுவதுண்டு. இஸ்லாத்தைப் பின்பற்றுவோரை ஆங்கிலேயக் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக அழைத்துவந்த சாரசென், மூர், டர்க், மஹோமெடன், முசல்மான், மொஸ்லம், முஸ்லிம் ஆகிய சொற்கள் இதற்குச் சான்றாகும். இவற்றுட் பல திருமறை உரைகளிலும் வழிபாட்டு நூல்களிலும் இடம்பெற்றவை. ஆதலின் இவ்வாய்வு நமக்குப் புறம்பானதன்று.

1. சாராளும் ஆகாரும்

'சாரசென்' எனும் சொல் இஸ்லாத்தினும் பழமையானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி தம் புவியியல் நூலில், சீனாய்ப் பகுதியைச் சார்ந்து வாழ்ந்த ஓர் இனத்தாரைச் 'சரகேனோய்' எனக் கிரேக்கத்தில் குறித்தார். அஃது ஓர் இனப்பெயரேயன்றிச் சமயப் பெயரன்று. அதற்குச் சமயப் பொருளை ஏற்றியவர்கள் திருச்சபைத் தந்தையரே. கி.பி. 420இல் மறைந்த ஜெரோம், எசேக்கியேல் நூலுக்கு எழுதிய உரையில், ஆகாரின் வழிவந்தோர் தம்மைச் சாராளின் மக்களாகக் காட்டிக்கொள்ளும் பொருட்டே இப்பெயரைப் பொய்யாகச் சூடிக்கொண்டனர் என்றார். எட்டாம் நூற்றாண்டினரான தமஸ்கு யோவான், சாராளால் வெறுங்கையராய் அனுப்பப்பட்டவர் என்று அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கண்டார். வேதப்புரட்டுகளைப் பற்றிய தம் நூலில் இஸ்லாத்தையும் சேர்த்து எழுதினார். ஜெரோமின் உரைகளைப் பயின்ற பீட் வழியாக இவ்விளக்கம் இங்கிலாந்தையும் எட்டியது.

இதில் ஒன்றை நாம் கருத வேண்டும். அரபு மக்கள் தம்மைச் சாரசெனியர் என்று அழைத்துக்கொண்டதில்லை. பிறர் இட்ட பெயரை அவர்களே திருடிச் சூடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. கலாத்தியர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் இரண்டு உடன்படிக்கைகளை விளக்கக் கையாண்ட உருவகம், ஓர் இனத்தாரின் பிறப்பை இழிவுபடுத்தும் கருவியாயிற்று.

2. சிலைக்கு வந்த பெயர்

சிலுவைப் போர்க்காலத்தில் அறியாமை மேலும் பெருகிற்று. ஏறத்தாழ 1100ஆம் ஆண்டளவில் எழுந்த பிரெஞ்சுக் காவியமான 'ரோலண்டின் பாடல்', சாரசெனியர் முகம்மது, அப்போலின், தெர்வகான் எனும் மூன்று தெய்வங்களை வணங்குவதாகச் சித்திரித்தது. இக்கற்பனை ஆங்கிலத்திலும் வேரூன்றியது. நபியின் பெயரின் சிதைவாகிய 'மாமெட்' எனும் சொல் இடைக்கால ஆங்கிலத்தில் சிலையைக் குறித்தது. 'மாமெட்ரி' என்பது சிலைவழிபாடு. சாசர் இச்சொல்லைக் கையாண்டுள்ளார். விக்கிளிஃப் பெயரால் வழங்கும் ஆங்கிலத் திருமறையில், விக்கிரகங்களுக்கு விலகியிருக்குமாறு கூறும் 1 யோவான் 5:21இல் இச்சொல்லே ஆளப்பட்டது. உருவவழிபாட்டை அறவே விலக்கிய ஒரு சமயத்தின் தூதர் பெயர், கிறிஸ்தவர் நாவில் விக்கிரகத்தின் பெயராயிற்று! ஷேக்ஸ்பியர் காலத்தில் அது விளையாட்டுப் பொம்மையைக் குறிக்கும் சொல்லாய்ச் சுருங்கிற்று. சொல்லின் பிறப்பு மறந்தது; அது விதைத்த எண்ணம் எளிதில் மறையவில்லை.

உண்மையை அறிய முயன்றோரும் இருந்தனர். குளூனி மடத்தின் தலைவரான பேதுரு என்பார் ஏற்பாடு செய்ய, ஆங்கிலேயரான கெட்டன் நகர் ராபர்ட் 1143இல் குர்ஆனை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பின் தலைப்பே நபியைப் பொய்த் தீர்க்கதரிசி என்றது. எனினும், மறுப்பதற்கேனும் மூலத்தைக் கற்க வேண்டும் எனும் உணர்வு அங்கே தோன்றிற்று. இவர்களை வேதப்புரட்டர் என்பதா, புறமதத்தார் என்பதா எனப் பேதுருவே முடிவு செய்ய இயலாது நின்றார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின், 1542இல், பாசெல் நகரில் பிப்லியாண்டர் இம்மொழிபெயர்ப்பை அச்சேற்ற முயன்றபோது நகர மன்றம் தடுத்தது. லூத்தர் அதற்காகப் பரிந்துரைத்தார்.

3. மன்றாட்டில் இடம்பெற்ற துருக்கியர்

1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது. 1529இல் உஸ்மானியப் படை வியன்னாவை முற்றுகையிட்டது. ஐரோப்பியரின் அச்சம் 'டர்க்' எனும் ஒரே சொல்லில் திரண்டது. அரபியராயினும் பாரசீகராயினும் இஸ்லாத்தைத் தழுவியோர் அனைவரும் ஆங்கில வழக்கில் துருக்கியராயினர். இஸ்லாத்தைத் தழுவுதலே துருக்கியனாதல் எனப்பட்டது. கிரான்மரின் 1549ஆம் ஆண்டுப் பொது மன்றாட்டு நூல், பெரிய வெள்ளிக்கிழமை மன்றாட்டு ஒன்றில் யூதர், துருக்கியர், அவிசுவாசிகள், வேதப்புரட்டர் ஆகியோருக்காக வேண்டியது. 1662ஆம் ஆண்டு நூலும் அவ்வாறே வைத்துக்கொண்டது. அது சாபமன்று, இரக்கத்துக்கான வேண்டுதலே. ஆயினும் போர்க்களத்துப் பகைவனின் பெயராலேயே கடவுளின் முன்னிலையில் அயலான் குறிக்கப்பட்டான். அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபை 1928இல் இந்நால்வகைப் பெயர்களை நீக்கி, நற்செய்தியில் வெளிப்பட்டவாறு கடவுளை அறியாத யாவருக்காகவும் வேண்டும் முறையில் இம்மன்றாட்டைத் திருத்தியது.

தமிழில் வழங்கிய 'துருக்கர்', 'துலுக்கர்' எனும் சொற்களும் இவ்வாறு ஓர் இனப்பெயர் சமயப்பெயரான வகையினவே. இவற்றுட் பின்னது இன்று இழிவழக்காகவே கருதப்படுகிறது.

4. மூர்

வட ஆப்பிரிக்காவின் மௌரித்தானியா எனும் பழம்பெயரோடு தொடர்புடையது 'மூர்'. ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் முஸ்லிம்களைக் குறித்த இச்சொல்லைப் போர்த்துக்கேயர் தம் கப்பல்களோடு கீழ்த்திசைக்குக் கொணர்ந்தனர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதனைப் பெற்றனர். 1772இல் வெளிவந்த ஹாட்லியின் இலக்கண நூல், இந்துஸ்தானி மொழியே 'மூர்ஸ்' எனப் பொதுவாக வழங்குவதாகத் தன் தலைப்பிலேயே கூறுகிறது. ஆப்பிரிக்கக் கரையில் பிறந்த பெயர் இந்தியமொழி ஒன்றின் பெயராயிற்று.

இலங்கையில் இச்சொல்லின் வரலாறு வேறு வகையில் அமைந்தது. அங்குத் தமிழ் பேசும் சோனகர் ஆங்கிலத்தில் 'மூர்' எனப்பட்டனர். இவர்கள் இனத்தால் தமிழரே, சமயத்தால் மட்டும் வேறுபட்டோர் என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதனை மறுத்து, தம் மக்கள் தனி இனத்தவர் என நிறுவ முற்பட்டார். பிறர் இட்ட பெயரையே ஒரு மக்கள் தம் தனித்தன்மையின் அடையாளமாக ஏற்றுக்கொண்டனர். இன்றும் இலங்கையின் குடிமதிப்பில் 'மூர்' என்பது ஓர் இனப்பிரிவின் பெயராக உள்ளது. பெயரின் பிறப்பு ஒன்று. அதனை உடையோர் அதற்குத் தரும் வாழ்வு மற்றொன்று.

5. நம்மை ஒத்த பெயர்

பதினாறாம் நூற்றாண்டு முதல் 'மஹோமெடன்' என்பதும், பின்னர் 'மொஹமடன்' என்பதும் பெருவழக்காயின. இவை இனப்பெயர்களல்ல, வசைச்சொற்களும் அல்ல. 1734இல் குர்ஆனை அரபு மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் தந்த ஜார்ஜ் சேல் போன்ற கற்றோர் காலத்திலும் இதுவே இயல்பான சொல். ஆயினும் இதிலேதான் நுட்பமான பிழை உள்ளது. கிறிஸ்துவிலிருந்து 'கிறிஸ்தவர்' எனும் பெயர் வந்ததால், முகம்மதிலிருந்தும் அவ்வாறே பெயர் வருதல் முறையென ஐரோப்பியர் எண்ணினர். கிறிஸ்துவுக்கு நம் விசுவாசத்தில் உள்ள இடமே நபிக்கு அவர்கள் விசுவாசத்தில் உள்ளது என இப்பெயர் பேசாமலே கற்பித்தது. முஸ்லிம்களோ நபியைக் கடவுளின் அடியாராகவும் தூதராகவும் மட்டுமே கொள்வர், அவரை வணங்கார். ஆகவே ஒரு தவறான இறையியல் கூற்று ஒரே சொல்லில் அடங்கிக் கிடந்தது. தமிழ் நூல்களில் வழங்கிய 'முகமதியர்' என்பதும் இதன் நிழலே.

ஆங்கில ஆட்சியில் இந்திய முஸ்லிம்களும் இப்பெயரைச் சில இடங்களில் ஏற்றனர். சர் சையது அகமதுகான் 1875இல் அலிகாரில் தோற்றுவித்த கல்வி நிலையம் அப்பெயருடனேயே வளர்ந்தது; 1920இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமாயிற்று. 1906இல் டாக்காவில் எழுந்த அரசியல் அமைப்பு முஸ்லிம் லீக் எனப் பெயர் பூண்டது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம் தனிநபர் சட்டம் என்றே வழங்கிற்று. அறிஞர் ஹாமில்டன் கிப் 1949இல் 'மொஹமடனிசம்' எனும் தலைப்பில் நூல் வெளியிட்டபோது, அத்தலைப்பை முஸ்லிம்கள் விரும்பார் என்பதை நூலின் தொடக்கத்திலேயே கூறி விளக்கந்தர வேண்டியவரானார்.

6. அவர்கள் தமக்குரைக்கும் பெயர்

பாரசீக, துருக்கி வழக்குகளின் வழியாக 'முசல்மான்' பதினாறாம் நூற்றாண்டிலும், 'மொஸ்லம்' பதினேழாம் நூற்றாண்டிலும் ஆங்கிலத்தில் நுழைந்தன. கடவுளுக்குத் தம்மை ஒப்புவித்தவர் என்பதே இவற்றின் மூலமான அரபுச் சொல்லின் பொருள். இப்பெயர் கடவுளாலேயே அருளப்பட்டதாக முஸ்லிம்கள் குர்ஆன் 22:78ஐக் கொண்டு கூறுவர். ஆங்கிலம் இச்சொல்லை அறிந்த பின்னும் அதற்குரிய இடத்தை அளிக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. அருட்பணியாளர் சாமுவேல் சுவெமர் 1911இல் தொடங்கிய 'மொஸ்லம் வேர்ல்டு' இதழ், 1948இல் அரபு ஒலிக்கு நெருங்கிய எழுத்தமைதியில் 'முஸ்லிம் வேர்ல்டு' ஆயிற்று. ஈரெழுத்து மாற்றமே எனினும், அயலாரைத் தம் சொல்வழியே கேட்கத் தொடங்கியதன் அறிகுறியாக அதனை நாம் கொள்ளலாம்.

7. நமக்குரிய பாடம்

பிறர் இட்டதாலேயே ஒரு பெயர் தீயதாகிவிடாது. 'கிறிஸ்தவர்' என்பதும் அந்தியோகியாவில் சீடருக்கு வழங்கிய பெயரே (அப்போஸ்தலர் 11:26). 1 பேதுரு 4:16 எழுதப்பட்டபோது அது பாடுகளின் நடுவில் வெட்கமின்றித் தாங்கும் பெயராயிற்று. மெதடிஸ்டு எனும் பெயர் ஏளனமாகப் பிறந்து பின் ஏற்கப்பட்டது. லூத்தரோ, தம் பெயரால் மக்கள் அழைக்கப்படுதலை 1522இல் கண்டித்தார். அவருடைய மறுப்பை நாம் நேர்மையானதெனப் போற்றுகிறோம். அதே மறுப்பை முஸ்லிம் ஒருவர் கூறும்போது அதனைப் பொருட்படுத்தாதிருத்தல் நடுநிலையாகாது. பெயரின் பிறப்பிடமன்று, அதனைத் தாங்குவோரின் இசைவே அளவுகோல்.

பழைய ஊழிய அறிக்கைகளையும் ஞானப்பாட்டு நூல்களையும் பயிலும் இறையியல் மாணாக்கர் அவற்றிலுள்ள சொற்களை மாற்றி எழுத வேண்டுவதில்லை. ஒவ்வொரு சொல்லும் எவ்வச்சத்தில் அல்லது எவ்வறியாமையில் பிறந்தது என உணர்ந்து படித்தல் போதும். ஆனால் பிரசங்க பீடத்தில் நாம் உரைப்பவை நம்முடைய சொற்கள். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது எனும் கட்டளை (யாத்திராகமம் 20:16) முழு வாக்கியங்களை மட்டும் கருதியதன்று. இஸ்லாத்தினின்று நாம் மாறுபடும் இடங்கள் பல. அவற்றை மறைக்க வேண்டுவதில்லை. அவ்வேறுபாட்டை நேர்மையாக எடுத்துரைக்க விரும்பும் ஆயர், முதற்கண் தம் அயலாரை அவர் தமக்கெனக் கூறும் பெயரால் அழைத்துப் பேச்சைத் தொடங்குவாராக.