நீண்டொடுங்கிய களங்களும் கோணங்காப்பு உருமாற்றமும்: எண்ணியல் வரலாற்றில் ஒரு திருப்பம்

கோணங்களைச் சிதைக்காமல் ஒரு களத்தை மற்றொன்றாக மாற்றுவது கோணங்காப்பு உருமாற்றம் எனப்படும். தக்க எல்லையுடைய துளையற்ற களம் எதனையும் இவ்வாறு அலகு வட்டத்தட்டாக மாற்றவியலும் என்று ரீமான் 1851இல் கோட்டிங்கனில் அளித்த ஆய்வேட்டில் கூறினார். 1860களின் பிற்பகுதியில் கிறிஸ்டாஃபெலும் ஷ்வார்ட்ஸும் பலகோணங்களுக்குரிய தொகையீட்டு வாய்பாட்டைத் தனித்தனியே கண்டனர். எனினும் பலகோணத்தின் முனைகள் வட்டத்தில் எங்கெங்கு அமையும் என்பதை அவ்வாய்பாடு சொல்வதில்லை. அவ்விடங்களை எண்ணியல் முறையிலேயே தேடவேண்டும். அத்தேடலுக்கு நம்பகமான கணினி வழியை ட்ரெஃபெத்தென் 1980இல் வெளியிட்டார்.

அதே ஆண்டில் மெனிகாஃப், ஸெமாக் ஆகிய இருவரும் ‘நெருக்கம்’ என்னும் இடர்ப்பாட்டை எடுத்துரைத்தனர். அகலத்தைப் போல் 10 மடங்கு நீளமுள்ள செவ்வகத்தின் மையத்தை வட்டத்தின் மையத்திற்கு அனுப்பினால், குறும்பக்கம் ஒவ்வொன்றும் பரிதியில் ஏறத்தாழ 50 லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நீளம் 20 மடங்கானால் அப்பங்கு 35 லட்சம் கோடியில் ஒன்று. இரட்டைத் துல்லியக் கணிப்பில் நிற்பவை சுமார் 16 இலக்கங்களே. ஆகவே குறும்பக்கத்தின் இரு முனைகளையும் பிரித்தறிய மூன்று இலக்கங்கள் அளவே எஞ்சும். நீளம் கூடக்கூட இச்சுருக்கம் அடுக்குக்குறி வீதத்தில் பெருகுவதால், கணினியின் துல்லியத்தை இருமடங்காக்கினாலும் கையாளத்தக்க நீளம் ஏறத்தாழ இருமடங்கே ஆகும்.

இவ்வரலாற்றை மேன்மேலும் விரைவான முறைகளின் வரிசையாகக் காண்பது போதாது. குறை தேடல் முறையில் இல்லை. வட்டத்தையே பொதுக் களமாகக் கொண்ட மரபில் இருந்தது. உருமாற்றம் உண்டு என நிறுவுவதற்கு வட்டம் மிகப் பொருத்தமானது. கணக்கிடுவதற்கும் அதுவே பொருந்தும் என்பது எவரும் நிறுவாத எடுகோள்.

1990இல் ஹாவெலும் ட்ரெஃபெத்தெனும் வட்டத்திற்குப் பதிலாக முடிவிலா நீளமுள்ள பட்டையைக் கொண்டு வாய்பாட்டைத் திருத்தியமைத்தனர். வட்டத்தில் அடுக்குக்குறி வீதத்தில் ஒடுங்கிய இடைவெளிகள் பட்டையில் களத்தின் நீளத்திற்கு ஒத்த சாதாரணத் தொலைவுகளாயின. ஆயின் பட்டைக்கு இரண்டே கோடிகள். பல கைகளாகக் கிளைத்து நீளும் பலகோணத்திற்கு அது போதவில்லை. 1998இல் டிரிஸ்கால், வவாசிஸ் ஆகியோர் நிலையான ஒரே பொதுக் களம் என்பதையே கைவிட்டனர். அவர்களது முறை பலகோணத்தை டெலோனே முக்கோணங்களாகப் பகுத்து, முனைகளின் இடங்களுக்கு மாறாகக் குறுக்கு விகிதங்களைத் தேடுகிறது. எப்பகுதி கணக்கிடப்படுகிறதோ அப்பகுதியில் நெருக்கம் நேராத இட அமைவு அவ்வப்போது தேர்ந்துகொள்ளப்படுகிறது.